யாரு சுத்துன டேப்பு?

மணவூர் தாண்டி, திருவாலங்காட்டுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. மூன்றாவது தடவை. சத்தம் இல்லை, புகை இல்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அப்படியே அணைந்துவிட்டது. பின்சீட்டில் அப்பா. கோயிலுக்குப் போகவேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

அது அவர் 2011-ல் வாங்கிய பெட்ரோல் கார். இப்போது அவர் ஓட்டுவதில்லை, நான்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்ன ஸ்கேனரைச் சொருகி, மொபைலில் பார்த்தேன். அதே கோட்: பி0335. கிராங்க்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார்.

இந்தச் சென்சாரின் வேலை எளிமையானது. எஞ்சினோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றும். அதில் ஒரு இடத்தில் மட்டும் பற்கள் இருக்காது. சென்சார் பற்கள் கடந்து போவதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளி வரும்போது, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். எப்போது பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது பொறி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். சென்சார் பேச்சை நிறுத்தினால் கம்ப்யூட்டருக்குக் கண் தெரியாது, ரெண்டையும் நிறுத்திவிடும். வண்டியில் இருக்கும் ஒரே சாட்சி மாதிரி அது.

அந்தச் சாட்சியை அதுவரை ரெண்டு முறை மாற்றியிருந்தோம். முதல் முறை, எங்கள் பக்கத்து ஷெட் ஒன்றில். மாற்றியவன் ஐடிஐ முடித்த பையன், இருபது வயசு இருக்கும். பழைய சென்சாரைக் கழற்றும்போது தலையை நிமிர்த்தி, “ண்ணா, வயர ஒரு வாட்டி பாத்துரலாமா?” என்றான். ஓனர், “கோடுதான் தெளிவா சொல்லுதே, நீ வேலையப் பாரு” என்றார். பொறியியல் படித்த நானும் மொபைலை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “சென்சார்னுதான் போட்ருக்குப்பா” என்றேன். புது சென்சார் போட்டதும் வண்டி ஓடியது. அஞ்சு வாரம்.

ரெண்டாவது முறை நின்றபோது நேராக ஷெட்டுக்குப் போய், ஓனர் முன்னாலேயே அந்தப் பையனிடம், “ஒரிஜினலுக்குக் காசு வாங்கிட்டு டூப்ளிகேட் போட்டியா?” என்று கேட்டேன். அவன் “இல்லண்ணா” என்றான். நான் நம்பவில்லை. ஓனர் எனக்குக் காசு வாங்காமலே இன்னொரு சென்சார் போட்டுக்கொடுத்தார். அது மூணு வாரம் ஓடி, மணவூர் தாண்டி நின்றது.

இந்த முறை அரக்கோணத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். வயசானவர். ஸ்கேனரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தார். நன்றாகச் சூடானதும் பானெட்டுக்குள் கையை விட்டு, வயர்க்கட்டை இடம் இடமாகப் பிடித்து ஆட்டினார். எஞ்சினுக்குப் பின்பக்கம் ஒரு இடத்தில் கை பட்டதும் வண்டி அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். புகைபோக்கிக் குழாய்க்குப் பக்கத்தில், சூட்டில் உருகிக் கருத்துப்போன இன்சுலேஷன் டேப். அதைப் பிரித்தால் உள்ளே வெறுமனே முறுக்கிவிட்ட ரெண்டு செம்புக்கம்பி.

“யாரு சுத்துன டேப்பு இது?” என்றார்.

“தெரியலண்ணா. பழைய வண்டி” என்றேன்.

நான் சுற்றியது. 2020 ஊரடங்கில் வண்டி மாசக்கணக்கில் நின்றபோது எலி கடித்துவிட்டது. யூடியூபில் பார்த்து நானே ஒட்டுப்போட்டேன். ஈயம் வைக்கவில்லை. வயரைக் குழாயிலிருந்து தள்ளிப் பிடிக்கும் கிளிப்பையும் திரும்ப மாட்டவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆனதும், அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு மறந்தும் போனேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கோடின் முழுப்பெயரை மறுபடி படித்தேன். ‘கிராங்க்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் ஏ சர்க்யூட்’. கடைசிச் சொல் சர்க்யூட். சென்சார், கனெக்டர், வயர், அது போய்ச் சேரும் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த சுற்று. சேதி வரவில்லை என்றுதான் வண்டி சொன்னது. சேதி சொல்பவன் கெட்டவன் என்று படித்துக்கொண்டது நாங்கள். அப்படியானால் புது சென்சார் போட்ட ஒவ்வொரு முறையும் வண்டி ஏன் ஓடியது? கழற்றி மாட்டும்போது வயர்க்கட்டு அசைந்து, முறுக்கு மறுபடி ஒட்டிக்கொண்டது. சூட்டிலும் அதிர்விலும் தளர அதற்குச் சில வாரங்கள் பிடித்தன. தப்பான வைத்தியமும் கொஞ்ச நாள் கேட்கும். நம்மை ஏமாற்றுவது அந்தக் கொஞ்ச நாள்தான்.

இதை எழுதும்போது லயன் ஏர் 610 நினைவுக்கு வருகிறது. மென்பொருள் வேலையில் இருக்கும் பலரும் படித்திருக்கக்கூடிய விசாரணை அது. திரும்பத் திரும்பக் கோளாறு காட்டியதால், 2018 அக்டோபர் 28 அன்று டென்பசாரில் அந்த போயிங் 737 மேக்ஸின் ஒரு சென்சாரை மாற்றினார்கள். காற்றை எதிர்த்து விமானம் எந்தக் கோணத்தில் போகிறது என்று சொல்லும் சென்சார். மாற்றிப் போட்டது சுமார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. அந்த ஒரே சென்சாரை நம்பிய மென்பொருள், அன்று இரவே விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. விமானிகள் எப்படியோ சமாளித்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். ஆனால் ஸ்டியரிங் கம்பு உதறியதையும், மூக்கு தானாக இறங்கியதையும் அவர்கள் பதிவேட்டில் முழுசாக எழுதவில்லை. எழுதியிருந்த கோளாறுகளுக்கு மட்டும் இரவில் வேலை நடந்தது. மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள்.

என் வண்டியில் சென்சார் சரி, வயர் தப்பு. அங்கே சென்சாரே தப்பு. ஆகவே ‘கருவியை நம்பு’ என்றோ ‘நம்பாதே’ என்றோ இதிலிருந்து பாடம் எடுக்க முடியாது. ரெண்டுக்கும் பொது வேறு ஒன்று: தெரிந்த ஒரு விஷயம், தெரிந்தவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. “தெரியலண்ணா” என்று நான் சொன்னது அந்த வகைதான்.

எங்கள் அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் அறிக்கை எழுதுவோம். யார்மேலும் பழி போடாமல், என்ன நடந்தது என்று மட்டும் எழுதவேண்டும் என்பது விதி. பழி வரும் என்றால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள் என்பது அதன் நியாயம். அது நல்ல விதி, நான் அதற்காக வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்தச் சலுகையை ஷெட்டில் ஒரு பையனுக்கு நான் கொடுக்கவில்லை. அவன் உண்மையைச் சொன்ன பிறகும் கொடுக்கவில்லை.

திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில்தான் பழையனூர். நீலி கதையின் ஊர். பேயான நீலி, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வணிகன் ஒருவனைத் தன் புருஷன் என்கிறாள். அவன் ‘இவள் என்னைக் கொல்ல வந்தவள்’ என்று கதறுகிறான். குழந்தை அவனிடம் தாவுகிறது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எழுபது வேளாளர்கள் அவளை நம்பி, ‘உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் உயிரைக் கொடுக்கிறோம்’ என்று அவனுக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். காலையில் அவன் செத்துக்கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

சின்ன வயதில் இது எனக்கு முட்டாள்தனமாகத் தெரிந்தது. தீயில் இறங்கினால் செத்தவன் வருவானா? இப்போதும் தீ எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர்கள் ‘சாட்சி அப்படி இருந்தது, நாங்கள் என்ன செய்வோம்’ என்று சொல்லவில்லை என்பது புரிகிறது. சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. நான் அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: கோடு அப்படிக் காட்டியது, நான் என்ன செய்வேன். ஆனால் வேளாளர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ளவும் எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் ஏமாந்தவர்கள். பொய்ச்சாட்சி சொன்னது நீலி. அரக்கோணத்தில் நான் நின்றது அவள் இடத்தில்.

ரெண்டு வாரம் கழித்து ஷெட்டுக்குப் போய் ஓனரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “அந்த ரெண்டாவது சென்சார் காச அவன் சம்பளத்துலதான் புடிச்சேன் சார்” என்றார். பையன் வேலையை விட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டானாம். நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம். நான் யார் என்று சொல்லி, அந்த டேப் நான் சுற்றியது என்றும், தப்பு என்னுடையது என்றும், பணத்தை அனுப்புகிறேன் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம், “அப்ப வயருதானாண்ணா?” என்றான்.

“ஆமாப்பா. வயருதான்.”

“எந்த எடத்துலண்ணா?”

எஞ்சினுக்குப் பின்னால், புகைபோக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் என்றேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டான். சூடானதும் வயர்க்கட்டை ஆட்டிப் பார்த்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “ஷிஃப்ட் இருக்குண்ணா” என்று வைத்துவிட்டான்.

பணம் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை.