கைப்பைக்குள் அடங்கும் அழகு

வட இத்தாலியில் பிரேஷா நகரை ஒட்டிய மலைப் பள்ளத்தாக்கில் கார்தோனே என்றொரு ஊர். 1526இல் வெனிஸ் குடியரசின் ஆயுதச் சாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் செய்து கொடுத்ததற்காக, இவ்வூர்க்காரரான பர்த்தோலொமேயோ பெரெட்டாவுக்கு 296 டுகாட் தரப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. அந்தக் குடும்பம் இன்றும் அங்கே துப்பாக்கி செய்கிறது. அவர்களுடைய பழைய கைத்துப்பாக்கிகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் பொதுவாகச் சொல்வது இது: எங்களுக்கு வேண்டியது கொலை அல்ல, கைவேலை.

இதைப் பாசாங்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1934ஆம் ஆண்டு மாடலைப் பாருங்கள். ஆறு அங்குல நீளம், முக்கால் கிலோவுக்கும் குறைந்த எடை. மேலுறையை வெட்டித் திறந்துவிட்டிருப்பதால் குழல் வெளியே தெரிகிறது. தேவையில்லாத கோடு ஒன்றுகூட இல்லை. அழகுதான். ஆனால் எந்த வகை அழகு? 1790இல் வந்த நூலில் காண்ட் இரண்டு வகை சொல்கிறார். பூவின் அழகை ரசிக்க அது எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. கட்டடத்தின் அழகோ அதன் பயனைச் சார்ந்து நிற்பது. அங்கே அவர் தரும் உதாரணங்களில் தேவாலயத்தோடு ஆயுதக் கிடங்கும் வருகிறது! கைத்துப்பாக்கி இரண்டாம் வகை. அது கையடக்கமாக இருப்பது மறைத்து எடுத்துச்செல்ல. பயனைக் கழித்துவிட்டால் அந்த அளவுக்கே அர்த்தமில்லை.

சேகரிப்பவர்களும் கழிப்பதில்லை. இந்த மாடலில் நாட்காட்டி ஆண்டுக்குப் பக்கத்தில், முசோலினி ஆட்சிக்கு வந்த 1922இலிருந்து எண்ணிய ஃபாசிச ஆண்டும் ரோமன் எண்ணில் பொறிக்கப்பட்டது. அந்த முத்திரை, இத்தாலிய ராணுவக் குறி, யாரிடம் இருந்தது என்ற வரலாறு எல்லாம் சேரச் சேர மதிப்பு கூடும். வெறும் கைவேலைதான் வேண்டும் என்றால் வரலாறு எதற்கு?

சிறியதைப் பெண்ணோடு முடிச்சுப் போடும் வழக்கத்துக்கு வருகிறேன். இயன் ஃபிளெமிங் தன் ஜேம்ஸ் பாண்டுக்கு முதலில் கொடுத்தது சின்னஞ்சிறு பெரெட்டா. 1956இல் ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கிப் பிரியர், அது பெண்கள் வைத்துக்கொள்வது என்று இளக்காரமாகக் கடிதம் எழுத, 1958இல் வந்த நாவலில் பாண்டின் துப்பாக்கி மாறியது. அதே நிறுவனத்தின் 950ஆம் மாடலில் ஒரு வகைக்கு 'மிங்க்ஸ்' என்று பெயர். மினுக்கித் திரிபவள் என்று பொருள். கொல்லும் கருவிதான், ஆனாலும் கைப்பையில் அடங்குமென்றால் ஆண்மைக்குக் குறைவு!

கைப்பைக்கு வேறொரு கதையும் உண்டு. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ஆண்டுகளில் இத்தாலியப் பெண்கள் கைத்துப்பாக்கிகளையும் செய்திகளையும் காய்கறிக் கூடைக்கு அடியில் வைத்து, சைக்கிளில் சோதனைச் சாவடிகளைக் கடந்தார்கள். பிடிபட்டால் சித்திரவதை, மரணம். விடுதலைக்குப் பிறகு வெற்றி ஊர்வலங்களில் இவர்களில் பலருக்கு இடம் தரப்படவில்லை. மலையில் ஆண்களோடு இருந்தவள் என்று ஊர் வாய் பேசிவிடுமாம். எனவே சிறிய துப்பாக்கி என்றாலே ஆணாதிக்கத்தின் கருவி என்று சுருக்கவும் என்னால் முடியவில்லை. யார் கையிலிருந்து யாரை நோக்கி என்பதைக் கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்டால் டெல்லிக்கு வந்து சேர்கிறோம். காந்தியைச் சுட்டது 1934 மாடல் பெரெட்டா. அதன் வரிசை எண் 606824, ஆர்வலர்களுக்கு நன்றாகத் தெரிந்த எண். 1948 ஜனவரி 30 மாலை, மனு, ஆபா என்ற இரண்டு இளம்பெண்களின் தோளில் கைபோட்டபடி காந்தி பிரார்த்தனைக்கு நடந்துவந்தார். ஏற்கெனவே தாமதம். எதிரே வந்து குனிந்த கோட்சேயை மனு தடுக்கப் பார்த்தார். அவரை அவன் ஒதுக்கித் தள்ளினான். கையிலிருந்த ஜெபமாலையும் எச்சில் கிண்ணமும் சிதறின. மூன்று குண்டுகள். அத்தனை அருகில் வரும்வரை ஆயுதம் கண்ணில் படாதது அதன் அளவால்தான்; நாம் முன்பு ரசித்த அதே அளவு.

இந்த மாடலை யாரேனும் என் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொன்னால் பார்ப்பேன். குழலையும் முத்திரையையும் எனக்கு விளக்கட்டும், கேட்டுக்கொள்கிறேன். வரிசை எண்ணைச் சொல்லும்போது, தள்ளப்பட்ட பெண்ணின் பெயரையும் சொல்லச் சொல்வேன்.