மருதையாற்றுப் பாலமும் தலையெழுத்தும்

எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் கடைசியில் தலையெழுத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றால் தலையெழுத்து. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்துக்கு விலை இறங்கினால் தலையெழுத்து. பெரம்பலூர் நான்குவழிச் சாலையில் பையன் பைக்கோடு விழுந்தாலும் அதுவேதான். நானும் இதைக் கேட்டு வளர்ந்தவன். அரியலூர் செக்‌ஷனில் தண்டவாளம் பராமரிக்கும் ரயில்வே கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக ஓய்வுபெற்றேன். சாமி கும்பிடுகிறவன், விதி என்று ஒன்று இல்லவே இல்லை என்று வாதிட வரவில்லை. ஆனால் படிப்பை முடித்துவிட்டு ஒரகடத்துக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிற பிள்ளைகள் வாயில் இந்தச் சொல்லைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. விதி எதுவரை, நம் பொறுப்பு எங்கிருந்து என்ற கேள்வியை அந்த வயதில் சரியாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பின்னால் ரொம்பச் சிரமம்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது மருதையாறு. பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேர்கிற காட்டாறு. வருசத்தில் பாதி நாள் மணலாய்க் கிடக்கும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்போது இது மீட்டர் கேஜ் பாதை. ராத்திரி பெய்த மழையில் ஆறு கரைபுரண்டு, பாலத்தை ஒட்டிய மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. எஞ்சினும் அதன் பின்னால் வந்த பெட்டிகளும் வெள்ளத்துக்குள் போயின. 140-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அன்றைக்கு ஆற்றில் இறங்கி உடல்களைத் தூக்கிய பெரியவர்கள் சிலர் கேங்கில் இருந்தார்கள். அவர்களும் முதலில் சொன்னது விதி என்றுதான். மழையை யார் தடுக்க முடியும்? அந்த வண்டியில் ஏறியவர்களுக்கு அன்று போகவேண்டும் என்று இருந்திருக்கிறது. இப்படிச் சொல்லிவிட்டு, அதே ஆட்கள் மழை பிடித்தால் வீட்டில் தங்க மாட்டார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாலத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வாய் விதி என்றது, கால் வேலைக்குப் போனது. எனக்கு அவர்களுடைய பேச்சைவிட அந்த நடையில்தான் கூடுதல் தத்துவம் தெரிந்தது.

அன்றைக்கு ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு மெகபூப்நகரில் நடந்த விபத்துக்கே அவர் ராஜினாமாவை நீட்டினார், நேரு ஏற்கவில்லை. அரியலூர் நடந்ததும் மறுபடி எழுதிக் கொடுத்தார். இந்தமுறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணமில்லை, இருந்தாலும் அரசியல் சாசன முறைக்கு ஒரு முன்மாதிரியாக இது இருக்கட்டும் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். வடக்கே இருந்த ஒரு மனிதர், எங்கள் ஊர் ஆற்றில் ஓடிய தண்ணீருக்குப் பதில் சொன்னார். ஆற்றைத் தோண்டியவர் அவரில்லை, மழையைக் கூப்பிட்டவரும் அவரில்லை. அந்தத் தண்டவாளம் தன் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பது மட்டுமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் அதோடு முடங்கிப்போகவும் இல்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவரை மறுபடி அனுப்பினார்கள். மீண்டும் அமைச்சரானார், 1964-இல் பிரதமரானார். பொறுப்பேற்பது என்றால் தன்னை அழித்துக்கொள்வது என்று நினைக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண் குறைந்துவிட்டது, நேர்முகத்தேர்வில் கழித்துவிட்டார்கள், எல்லாம் என்னால்தான் என்று அறைக்கதவைச் சாத்திக்கொள்கிற பிள்ளைகளை இந்த மாவட்டங்களில் பார்த்துவிட்டேன். நீங்கள் படித்தது உங்கள் பொறுப்பு. வினாத்தாள், இடங்களின் எண்ணிக்கை, எதிரில் உட்கார்ந்தவரின் மனசு இவையெல்லாம் உங்கள் பொறுப்பில்லை. மனசு ரொம்பக் கனத்தால் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அங்கே பேசுவதும் பொறுப்பான காரியம்தான்.

மழைக்கால ரோந்து என்று ஒன்று உண்டு. கையில் விளக்கு, விசில், ஒரு குச்சி, பையில் டெட்டனேட்டர்கள். தன் எல்லை வரை தண்டவாளத்தோடு நடந்துபோக வேண்டும். எல்லையில் அடுத்த ஆள் நிற்பார். இருவரும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு அவரவர் பக்கம் திரும்பி நடக்க வேண்டும். இரண்டு பேரும் உண்மையாகவே நடந்தார்கள் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி. பாலத்தூணில் அபாய மட்டக் கோடு போட்டிருக்கும், தண்ணீர் அதைத் தொடுகிறதா என்று விளக்கைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். ஜல்லி சரிந்திருக்கிறதா, கட்டைக்குக் கீழே குழி விழுந்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தண்டவாளத்தில் டெட்டனேட்டரைக் கட்டிவிட வேண்டியதுதான். எஞ்சின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் வண்டியை நிறுத்துவார். மாதச் சம்பளத்துக்கு நடக்கிற ஒரு கடைநிலைத் தொழிலாளி, ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு வருகிற வண்டியை ஒரு சந்தேகத்தின் பேரில் நிறுத்தலாம். ரயில்வே எனக்குக் கொடுத்த பெரிய மரியாதையாக இதைத்தான் நினைக்கிறேன்.

மழை எவ்வளவு பெய்யும் என்பது ரோந்துக்காரன் கையில் இல்லை. எந்த வண்டியில் யார் வருகிறார் என்பதும் அவனுக்குத் தெரியாது. நடக்கிறானா, கோட்டைப் பார்க்கிறானா, சந்தேகம் வந்ததும் நிறுத்துகிறானா, இந்த மூன்று மட்டும்தான் அவனுடையவை. இந்த மூன்றையும் செய்தபிறகும் ஒரு கேடு வந்தால், அப்போது விதி என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. நடக்காமல் குடிசையில் படுத்துக்கிடந்தவனுக்கு அந்தச் சொல்லைத் தொடும் உரிமை இல்லை. என் முடிவு இதுதான். விதி என்பதை வேலை முடிந்தபிறகு சொல்லலாம், வேலைக்கு முன்னால் சொல்லக்கூடாது.

வள்ளுவரும் இரண்டையும் ஒரே நூலில்தான் வைத்தார். அறத்துப்பாலை ஊழ் என்ற 38-ஆம் அதிகாரத்தோடு முடித்தவர், பொருட்பாலுக்குள் வந்து 62-ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்குக் கொடுத்தார். இது முரண் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடங்கிப் போகவேண்டிய இடமும் விடாமல் மல்லுக்கட்ட வேண்டிய இடமும் ஒரே வாழ்க்கையில் வருகின்றன, ஆகவே ஒரே நூலிலும் வருகின்றன.

அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே மூலவர் ஒரு கல்தூண். கம்பத்துப் பெருமாள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அறுவடை முடிந்ததும் விவசாயிகள் விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், ஆடு மாடும் நேர்ந்து விடுவார்கள். உழாமல் வைத்த வயலிலிருந்து யாரும் மூட்டை கொண்டுவர முடியாது. விதைத்து, களை எடுத்து, காவல் இருந்து, அதன்பிறகுதான் பெருமாளுக்குப் பங்கு. விளைச்சலில் என் கைக்கு எட்டியதும் இருக்கிறது, எட்டாததும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிற பங்கு அது. முதல் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் அந்தத் தூணின் முன்னால் ஒருமுறை நின்றுவிட்டுப் போகலாம். கர்வமும் வராது, சோர்வும் வராது.

சரி, இதை அன்றாடத்துக்குக் கொண்டுவருகிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனான். நல்ல பிள்ளை. கூட அறையில் இருந்தவன் கடன் வாங்க, இவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வாங்கியவன் ஊரைவிட்டே போய்விட்டான். பொங்கலுக்கு வந்த எங்கள் பையன் திண்ணையில் உட்கார்ந்து, “என் தலையெழுத்து பெரியப்பா, வேறென்ன சொல்ல” என்றான். “தம்பி, அது தலையில எழுதுனது இல்லப்பா. நீ தாளுல எழுதுனது” என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. தலையில் எழுதியதை அழிக்க முடியாது, தாளில் எழுதியதை அடுத்தமுறை எழுதாமல் இருக்க முடியும். அவனுக்கு அந்த நம்பிக்கையைத்தான் கொடுக்க நினைத்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவில், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்கிறது. கடன் கொடுத்தவர் நேரே உங்கள் வாசலுக்கு வரலாம். நண்பனுக்கு உதவ வேண்டுமென்றால் திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையிலிருந்து கொடுங்கள், கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்.

போனில் கடன் கொடுக்கிற செயலிகள் இன்னும் மோசம். ஐந்து நிமிடத்தில் பணம் வருகிறது என்பதே அபாயக் கோட்டைத் தண்ணீர் தொட்டதற்கு அடையாளம். உங்கள் போனில் உள்ள எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிற எதிலும் கடன் வாங்காதீர்கள். வாங்கி மாட்டிக்கொண்டு மிரட்டல் வந்தால், மானம் போய்விட்டது என்று ஒளியாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அசல் சான்றிதழ்களை எந்த முதலாளியிடமும் ஏஜெண்டிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பதாகச் சொல்கிறவரிடம் மத்திய அரசின் பதிவு எண் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்னால் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்கிறவரிடம் போகவே வேண்டாம். சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்திருந்தால் அது உங்கள் யுஏஎன் கணக்கில் மாதாமாதம் சேர்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வருசத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் விபத்துக் காப்பீடு இருக்கிறது, 2 லட்சம் ரூபாய்க்கு. ஒரு டீ, வடைக் காசு. இருபது வயசில் சாவைப் பற்றி யோசிப்பதா என்று வீட்டில் அபசகுனம் பார்ப்பார்கள். பாலத்தைச் சோதிப்பதால் வெள்ளம் வருவதில்லை.

தனி அறையில் இருப்பதுதான் சுதந்திரம் என்று நிறையப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் பார்ப்பதில்லை. பெரம்பலூரிலிருந்து திருச்சி போகிற வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாட்களில் நடை சாத்தியிருப்பதால் அம்மன் ஊரில் இல்லை என்று அங்கே யாரும் நினைப்பதில்லை, மூடிய கதவுக்கு முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள். சாமி நம்பிக்கை இல்லாத பிள்ளைகளுக்கும் நான் சொல்வது பொருந்தும். நள்ளிரவில் ரோந்து போகிறவனை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. அந்த நேரத்து நடைதான் அவனுடைய நடை. அறையில் தனியாக இருக்கும்போது எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், சாப்பாட்டைத் தவிர்க்கிறீர்களா, சம்பளம் வந்த வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறதா, இவற்றில்தான் நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியவரும்.

பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கெட்ட செய்தியோடு போன் செய்யும்போது முதல் வாக்கியத்திலேயே திட்டாதீர்கள். வண்டியை நிறுத்தியவனை, ஏன் நிறுத்தினாய் என்று அடித்தால் அடுத்தமுறை அவன் நிறுத்தமாட்டான்.

பிள்ளைகளே, கடன் ஏறிவிட்டதா, வேலை போய்விட்டதா, உடம்புக்கு முடியவில்லையா, மாசக் கடைசி வரை பார்ப்போம் என்று தள்ளாதீர்கள். சந்தேகம் வந்த அன்றைக்கே வீட்டில் ஒருவருக்கு, இல்லையென்றால் நம்பிக்கையான ஒரு பெரியவருக்குச் சொல்லிவிடுங்கள்.