முழவுக்குப் பின்னால் நடப்பவர்கள்

அனந்த சதுர்த்தசியன்று காலை புனே நகரில் மகாத்மா பூலே மண்டையருகே லோகமான்ய திலகரின் சிலைக்கு முன்பிருந்து விநாயகர் விசர்ஜன ஊர்வலம் புறப்படுகிறது. முதலில் செல்பவர் கஸ்பா கணபதி. நகரின் கிராம தேவதையான இவருக்குக் கோயில் எழுப்பியவர் சத்ரபதி சிவாஜியின் அன்னை ஜீஜாபாய் என்பது மரபு. இளம் மகனுடன் புனேயில் வாழ வந்த தாய் நிறுவிய தெய்வத்துக்கே இன்றும் முதல் மரியாதை. அவரைத் தொடர்ந்து தாம்படி ஜோகேஸ்வரி, குருஜி தாலீம், துளசிபாக், கேசரிவாடா கணபதிகளும், பின்னர் எண்ணற்ற மண்டலங்களின் மூர்த்திகளும் வருகின்றனர். லட்சுமி சாலை வழியே நகரும் அவ்வூர்வலம் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தே நிறைவெய்துகிறது.

ஒவ்வொரு மூர்த்திக்கும் முன்பாக இளைஞர்களும் இளம்பெண்களும் அணிவகுத்து, டோல் என்னும் பெருமுழவையும் தாஷா என்னும் சிறுபறையையும் முழக்கியபடி நடக்கின்றனர். இவ்வாத்தியங்கள் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நகருக்கு வந்தவை. அவற்றைப் பள்ளி மாணவர்களின் கையில் கொடுத்து, ஒழுங்கும் சீருடையும் காவிக்கொடியும் கூடிய குழுக்களாக வளர்த்ததில், 1962-இல் அப்பா பெண்ட்சே நிறுவிய ஞான பிரபோதினிக்கும், ராமன்பாக் பள்ளிக்கும் முன்னோடிப் பங்குண்டு. இன்று இத்தகைய குழுக்கள் நகரெங்கும் பெருகியுள்ளன.

திருவிழாவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே, மழைக்காலத்து மாலைகளில், முட்டா நதிக்கரையிலும் பாலங்களின் அருகிலும் பயிற்சி தொடங்கிவிடும். முழவை இடுப்பில் இறுகக் கட்டி, ஒரு முகத்தைக் கோலாலும் மறு முகத்தை உள்ளங்கையாலும் மணிக்கணக்கில் அடித்தால் விரல்கள் வெடித்துவிடும். அப்போது பிளாஸ்திரியுடன் ஒருவர் வந்து நிற்கிறார். தளர்ந்த கயிற்றை ஒருவர் இழுத்துக் கட்டுகிறார். குடிநீர்க் குடத்தை ஒருவர் தூக்கி வருகிறார். இரவு பயிற்சி முடிந்தபின் பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுவிடுவதற்கென்றே ஒருவர் காத்திருக்கிறார். ஊர்வல நாளில் கூட்டம் பிள்ளைகள்மீது சரிந்துவிடாதபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னும் பக்கமும் நடப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர் பெற்றோர். எந்தப் புகைப்படத்திலும் அவர்கள் முகம் தெளிவாக விழுவதில்லை.

விழா முடிந்தபின் இவர்களை மேடையேற்றிச் சால்வையும் தேங்காயும் அளித்துப் போற்றுவது நல்ல பண்பு என்று பலரும் எண்ணுவர். ஆயினும் இரண்டு கேள்விகள் குறுக்கே நிற்கின்றன. தன் பிள்ளைக்காக வந்த ஒருவர் செய்தது தொண்டா, பாசமா என்பது முதற்கேள்வி. அது தொண்டேயாயின், பாராட்டு அதன் தூய்மையைக் கெடுத்துவிடாதா என்பது இரண்டாவது.

முதற்கேள்விக்கு நேர்மையான விடை, தொடக்கத்தில் அது பாசமே என்பதுதான். தாய் முதல் நாள் வருவது தன் மகளின் விரலுக்குக் கட்டுப்போடவே. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் பெரியோர் சொன்னபோதும், தன் பிள்ளையை முற்றிலும் மறக்கச் சொல்லவில்லை. அந்தப் பாசத்தையே சற்று அகலமாக்கினர். குடிநீரை ஏந்தி வரிசையில் செல்பவரால் 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நீட்டிய கைக்கெல்லாம் ஊற்றியாக வேண்டும். இப்படிக் கை பழகப் பழக மனமும் பின்தொடர்கிறது. எவ்வளவு தூரம் தொடர்ந்தது என்பது, மகன் படிப்பு முடித்து வேலைக்காக வேற்றூர் சென்றபின் வரும் அடுத்த ஆவணியில் தெரியும். அப்போதும் தந்தை அதே குடத்துடன் வந்தால், பாசம் தொண்டாகக் கனிந்துவிட்டது. வராவிட்டாலும் அவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. செய்தவரை செய்தது செய்ததே.

இரண்டாம் கேள்வி கடினமானது. மதிப்பையும் புகழையும் வேண்டிச் செய்யப்படும் தவம் ராஜசமானது, நிலையற்றது என்று கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் தெளிவாகவே உரைக்கிறார். இதைக் காட்டி, பாராட்டே கூடாது என்று கூறும் அன்பர்கள் உண்டு. ஆனால் அதே பகவான் 3-ஆம் அத்தியாயத்தில், பெற்றதை அனுபவித்துவிட்டுப் பதிலுக்கு ஒன்றும் அளிக்காதவனைத் திருடன் என்கிறார். முன்னது தொண்டு செய்பவனுக்கு. பின்னது தொண்டைப் பெற்றவனுக்கு. கொடுத்தவன் எதிர்பார்க்கலாகாது, பெற்றவன் மறக்கலாகாது. தமக்கு எழுதிய ஓலையை வைத்துவிட்டு மற்றவருடைய ஓலையைப் படிக்கத் தொடங்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது. 'எனக்கு நன்றி கூறவில்லையே' என்று தொண்டர் ஏங்குகிறார். 'அவர் பலனை எதிர்பார்க்காதவர்தானே' என்று பயனடைந்தவர் வசதியாக ஒதுங்குகிறார். இவ்விரண்டில் பின்னதே பெரிய குற்றம். அது வேதாந்தத்தின் போர்வையில் வருவதால் கண்டுபிடிப்பதும் அரிது.

சுந்தரமூர்த்தி நாயனாருக்கே இப்படி ஒரு தடுமாற்றம் நேர்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. திருவாரூரில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்க, அவர்களை வணங்காமல் அவர் நேரே இறைவனை வணங்கச் சென்றார். விறன்மிண்ட நாயனார் அதைப் பொறுக்கவில்லை. சுந்தரர் அடியார் கூட்டத்துக்குப் புறம்பானவர் என்று கடிந்தார். அதன் பயனாக நமக்குக் கிடைத்ததே திருத்தொண்டத் தொகை. அவ்வடியார்கள் எவரும் வணக்கத்தை வேண்டி நிற்கவில்லை. வணங்க வேண்டிய தேவை சுந்தரருக்கே இருந்தது.

அத்தொகையின் இறுதியில் அவர் தம் தந்தை சடையனாரையும் தாய் இசைஞானியாரையும் சேர்க்கிறார். அவர்கள் அரிய செயல் எதையும் செய்ததாகக் கதை இல்லை. சுந்தரரைப் பெற்றார்கள், அவ்வளவே. 63 நாயன்மாருள் இடம்பெற அது போதுமானதாயிற்று. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய அக்குழந்தையைக் கண்டு, பெற்றோரிடம் வேண்டிப் பெற்று வளர்த்த நரசிங்க முனையரையரும் அதே வரிசையில் இருக்கிறார். பெற்ற அன்பையும் ஊரார் பிள்ளையை வளர்த்த அன்பையும் சுந்தரர் தனித்தனித் தராசில் நிறுக்கவில்லை.

எனினும், மேடையில் வாசிக்கப்படும் பட்டியலுக்கு ஒரு கூர்முனை உண்டு. பிம்ப்ரி-சின்ச்வட் தொழிற்சாலை ஒன்றில் இரவுப் பணி செய்யும் தந்தையை நினைத்துப் பார்க்கலாம். அவர் ஒரு நாளும் பயிற்சிக்கு வந்ததில்லை. தாய் விடியற்காலை முதல் நான்கு வீடுகளில் சமைக்கிறாள். மகனின் சீருடையை நள்ளிரவில் துவைத்து உலர்த்தியதே அவர்களால் இயன்றது. மேடையில் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. தோழர்களின் பெற்றோர் எழுந்து செல்கின்றனர். கடைசி வரிசையில் அந்தச் சிறுவன் தன் கட்டுப்போட்ட விரல்களையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான். 'உன் பெற்றோர் ஒன்றும் செய்யவில்லை' என்று அவனிடம் எவரும் சொல்லவில்லைதான். ஆனால் பட்டியல் சொல்லிவிட்டது. ஒருவரை உயர்த்துவதற்காக ஒரு பிள்ளையின் மனத்தில் தன் பெற்றோரைத் தாழ்த்திவிடும் விழாவைவிட, விழாவே இல்லாதிருப்பது மேல். திருத்தொண்டத் தொகையில் பெயர் சொல்லாமல் கூட்டமாகவே வணங்கப்படும் ஒன்பது தொகையடியார்கள் இருப்பதன் அருமை இங்கே விளங்குகிறது.

சால்வை கிடைக்காத இன்னொரு தொண்டும் உண்டு. முழவொலியின் அளவும் கூட்டமும் நெடுங்காலமாகப் புனேயில் வழக்குக்குரியவை. 2024-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு குழுவில் 30 பேருக்கு மேல் கூடாது என வரையறுத்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நீதிமன்றம் அனுமதித்தாலும், மருத்துவமனை வாயிலில், 'இங்கே அடிக்காதீர்கள், உள்ளே நோயாளிகள் இருக்கிறார்கள்' என்று உற்சாகத்தின் உச்சியில் இருக்கும் இளைஞர்களை ஒரு பெரியவர் தடுத்தாக வேண்டும். அவ்வேளையில் அவரை எவரும் விரும்புவதில்லை. குடிநீர் கொடுத்ததைவிட இது பெரிய உதவி என்று பிள்ளைகள் உணர்வதற்குப் பத்தாண்டுகள் ஆகலாம்.

போற்றுவது எப்படி என்பதற்குப் புனே மக்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. விநாயகர் விழாவுக்கு முன், ஆஷாட மாதத்துப் பண்டரிபுர யாத்திரையில், ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கும் தேகுவிலிருந்து துக்காராமின் பல்லக்கும் இந்நகருக்கு வந்து தங்குகின்றன. தாளமும் மிருதங்கமும் ஒலிக்க, திண்டி திண்டியாக வாரகரிகள் நடந்து வருகின்றனர். நகரத்தார் அவர்களுக்கு உணவளிக்கின்றனர், கால் பிடித்துவிடுகின்றனர், அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுக்கின்றனர். அங்கே மேடையில்லை, பட்டியலில்லை. ஒருவரையொருவர் அழைக்கும் சொல் 'மாவுலி' என்பது மட்டுமே. மராட்டியில் அதற்குத் தாய் என்று பொருள். குடிநீர் கொடுத்தவர் வாரகரியின் காலைத் தொடக் குனிகிறார். அவர் யார், எவ்வூரார் என்று கேளாமல், முதிய வாரகரியும் அதே கணத்தில் அவர் காலைத் தொடக் குனிகிறார். சில வேளைகளில் நெரிசலில் இருவர் தலையும் முட்டிக்கொள்கின்றன. இருவரும் சிரித்துக்கொண்டே நிமிர்கின்றனர். அதற்குள் அடுத்த திண்டியின் தாளம் கேட்கத் தொடங்கிவிடுகிறது.