வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

வத்தலக்குண்டில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. மேற்கே மலை, சுற்றிலும் தென்னையும் வாழையும். ஆயினும் கடற்கரையைப் பற்றிய கேள்வி ஒன்று அண்மையில் என் பங்கு இல்லத்துக்கு வந்து சேர்ந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தோப்பில் தமக்குரிய பாகத்தை விற்று, சென்னை நீலாங்கரையில் வீட்டுமனை ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். "தாய்ப்பத்திரம் முதல் எல்லாம் சரியாக இருக்கிறது சாமி. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று. வீடு கட்டி முடித்ததும் நீங்கள்தான் வந்து மந்திரிக்க வேண்டும்" என்றார். உடன் வந்த மகள் முகம் மட்டும் தெளியவில்லை. "மனையின் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது சாமி. குப்பத்து மக்கள் அதன் வழியாகத்தான் கரைக்குப் போகிறார்கள். அதுவும் எங்கள் பத்திர அளவுக்குள்தான் வருகிறதாம். அப்பா அதையும் சேர்த்துச் சுவர் எழுப்பப் போகிறார். அது சரியா சாமி?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை சொல்லவில்லை. அவர்கள் சென்றபின் அக்கேள்வி மட்டும் என்னுடன் தங்கிவிட்டது.

வீடு வாங்குவது பாவமன்று. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் விசுவாசத்தின் தந்தையாகிய ஆபிரகாம், மனைவி சாராவை அடக்கம் செய்ய எபிரோனில் 400 வெள்ளிக்காசு எடைபோட்டுக் கொடுத்து, ஊரார் முன்னிலையில் நிலம் வாங்கினார். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் எரேமியா 17 வெள்ளிக்காசுக்கு நிலம் வாங்கிப் பத்திரத்தில் முத்திரையிட்டார். உழைத்துச் சேர்த்த பணத்தில் குடும்பத்துக்குக் கூரை தேடுவதைத் திருச்சபை ஒருபோதும் குறைகூறியதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? நீலாங்கரை போன்ற இடங்கள் சில பத்தாண்டுகளுக்கு முன்வரை சிற்றூர்களாகவும் மீனவர் குப்பங்களாகவும் இருந்தவை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றது, மனைகள் பெருகின. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி யாவும் மாநகருக்குள் வந்தன. நிலத்தின் விலை ஏறியது. ஆனால் வலை உலர்த்தும் மணலுக்கும், படகு ஏற்றும் கரைக்கும், கருவாடு காயும் திடலுக்கும் பெரும்பாலும் பட்டா கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்ததே மீனவரின் பத்திரம். அந்தப் பத்திரம் எந்தப் பதிவு அலுவலகத்திலும் இல்லை. ஆகவே அது எந்த வில்லங்கச் சான்றிலும் வருவதில்லை.

அரசர்கள் முதல் நூலில் வரும் நாபோத்தின் கதையை இங்கே நினைவுகூரலாம். "நான் யாரையும் ஏமாற்றவில்லையே, உரிய விலை கொடுத்தல்லவா வாங்குகிறேன்" என்று ஆசிரியர் கேட்கக்கூடும். அது நியாயமே. ஆனால் ஆகாபு மன்னனும் தொடக்கத்தில் நாபோத்துக்கு உரிய விலையையோ, அதைவிடச் சிறந்த தோட்டத்தையோ தருவதாகத்தான் சொன்னான். நாபோத்துக்கு "தரமாட்டேன்" என்று சொல்ல ஒரு வாய்ப்பாவது இருந்தது. அப்பாதையில் நடப்பவர்களிடம் விற்றவரும் கேட்கவில்லை, வாங்குபவரும் கேட்கவில்லை. பணம் கைமாறிய இடத்தில் அவர்கள் இல்லவே இல்லை. மிலான் ஆயரான புனித அம்புரோசு நான்காம் நூற்றாண்டில் நாபோத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவரை மேற்கோள் காட்டித்தான் திருத்தந்தை ஆறாம் பவுல், 1967-இல் வெளியிட்ட சுற்றுமடலில், தனியுடைமை எவருக்கும் நிபந்தனையற்ற உரிமையாகாது என்று கற்பித்தார்.

மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கடற்கரையில் அது வெறும் உவமையன்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின், கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் தள்ளிச் சென்று புதுவீடு பெற விரும்பினால் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2005-இல் அரசாணை பிறந்தது. சென்னைக் குப்பத்தார் பலர் செம்மஞ்சேரியில் குடியமர்த்தப்பட்டார்கள். கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கடல் எட்டாததாயிற்று. அதே கரையில் மாளிகைகளும் விடுதிகளும் எழும்பாமல் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது; 2011-இலும் 2019-இலும் திருத்தி எழுதப்பட்டது. ஊர்ப்புறக் கடற்கரையில் கட்டடம் எழும்பக்கூடாத எல்லை 200 மீட்டராக இருந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் அது 2019-இல் 50 மீட்டராகச் சுருக்கப்பட்டது. கடலுக்கு இந்த அளவுகோல் தெரியாது. ஒருவனுக்கு ஆபத்தான இடம் மற்றொருவனுக்கு அழகான இடமாக விற்கப்படும்போது, அந்த வேறுபாட்டைப் பணம்தானே உண்டாக்குகிறது?

இவற்றையெல்லாம் எண்ணியபின், அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவ்விருவரையும் அழைத்துப் பேசினேன். "வீடு கட்டுங்கள். சட்டம் அனுமதிக்கும் எல்லையைச் சரிபாருங்கள். மழைநீர் மண்ணில் இறங்க வழி செய்யுங்கள். உங்கள் ஆழ்துளைக் கிணறு உப்புநீரை உள்ளே இழுத்தால் குப்பத்துக் கிணறும் கெடும். ஆனால் பாதையை அடைக்காதீர்கள்" என்றேன். லேவியர் நூல் சொல்வது அதுதான். அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்கலாகாது. அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது. வயல் முழுவதும் உழவனுடையதே. ஓரமும் அவன் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆயினும் அந்த ஓரத்தில் இறைவன் பிறருக்கு ஓர் உரிமையை வைத்தார். அதை விட்டுக்கொடுப்பது தருமமன்று, கடன்.

ஆசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பின், "பாதையை விட்டால் முக்கால் சென்ட் போகும் சாமி. நாளைக்கு விற்றாலும் விலை குறையும்" என்றார். அது உண்மை. நீதிக்கு விலை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் கழித்து அவர் வரைபடத்துடன் வந்தார். சுவரின் கோடு பாதைக்கு உள்ளே தள்ளி வரையப்பட்டிருந்தது.

அன்பர்களே, இது கடற்கரைக்கு மட்டும் உரிய கதையன்று. நம் ஊரைச் சுற்றியும் தோப்புகளில் எல்லைக்கற்கள் முளைக்கின்றன. வாய்க்கால் மனைக்குள் மறைகிறது. ஆடு மேய்த்த வழி வேலிக்குள் போகிறது. பத்திரம் பதிவு செய்யும் நாளில் நாம் எல்லாரும் வில்லங்கம் பார்க்கிறோம். அந்தத் தாளில் எழுதப்படாதவர்கள் யார் யார் என்று, கையெழுத்திடும் முன் ஒருமுறை அந்த மண்ணில் நடந்து பார்ப்போமா?