திரும்பும் உரிமைக்கு வயதுண்டா?

திருப்பரங்குன்றத்தை அடுத்த உச்சப்பட்டியில், இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழர்களின் முகாம் இருக்கிறது. எல்லையைத் தாண்டியவரை உலகம் 'அகதி' என்கிறது. தம் நாட்டுக்குள்ளேயே வீடிழந்து வேற்றூரில் ஒதுங்கியவரோ, பல வேளைகளில் எவர் கணக்கிலும் சேர்வதில்லை. அத்தகையோரைப் பற்றிச் சிந்திக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். வடக்கெங்கும் வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினர்.

2009இல் போர் முடிந்தது. அப்போது புதிதாக இடம்பெயர்ந்தோருக்கே உதவிகள் முதலில் சென்றன. 1990இல் வந்தவர்களோ 'பழைய அகதிகள்' எனப் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். ஊர் திரும்பியோர் கண்டது கூரையற்ற சுவர்களையும் காடு மண்டிய வயல்களையுமே. "புத்தளத்தில்தான் வேரூன்றிவிட்டார்களே, இனி ஏன் திரும்ப வேண்டும்?" என்ற கேள்வியும் எழுந்தது.

இக்கேள்வி நியாயமானதா? பறிகொடுத்தவன் பொறுத்திருந்தான் என்பதற்காகப் பறிபோன பொருள் பறித்தவனுடையதாகி விடுமா? காலம் கடந்தது என்பது உரிமையாளனின் சம்மதம் ஆகாது. பிழைப்புக்காக ஓரிடத்தில் வேரூன்றுவது வேறு. பிறந்த மண்ணின் உரிமையைக் கைவிடுவது வேறு.

மக்கா வெற்றியை இங்கே நினைவுகூர்வோம். துரத்தப்பட்ட நகருக்கு எட்டாண்டுகளுக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பினார்கள். ஆயினும் அடைக்கலம் தந்த மதீனாவையே தம் இருப்பிடமாகக் கொண்டார்கள். திரும்புவது உரிமை, தங்குவது விருப்பம். இவ்விரண்டையும் தீர்மானிக்க வேண்டியவர் இடம்பெயர்ந்தவரே. 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகளும் இதையே வலியுறுத்துகின்றன: பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் தாமே விரும்பித் திரும்பலாம், அல்லது வேறிடத்தில் குடியமரலாம். இழந்த சொத்தை மீட்டுத் தர, இயலாவிடில் ஈடு வழங்க, அதிகாரத்தில் உள்ளோர் துணைநிற்க வேண்டும்.

இதில் மற்றொரு கடமையும் உண்டு. வந்தவரோடு கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் வேலையையும் பகிர்ந்துகொண்ட புத்தளத்து ஏழைகள் அன்சாரிகளின் வழிநின்றவர்கள். அந்தச் சுமையை அவர்கள் தலையிலேயே விட்டுவிடுவதும் அநீதியே. அவர்களுக்கும் அரசு கைகொடுக்க வேண்டும். அப்போதுதான் விருந்தினர் விரும்பித் தங்கவும் முடியும், மனக்கசப்பின்றி விடைபெறவும் முடியும்.