நீட்டிய கை

கொடுப்பவன் கை மேலே இருக்கும், வாங்குபவன் கை கீழே இருக்கும் என்பது சிறு வயது முதல் நாம் கேட்டுப் பழகிய பேச்சு. கொடை என்றதும் மனக்கண்ணில் எழும் ஓவியமும் அதுவே. ஆனால் குருதிக்கொடை நடைபெறும் கூடத்திற்குள் நுழைந்து பார்த்தால் இந்த ஓவியம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே கொடுப்பவர் படுத்திருக்கிறார், வாங்குபவர் நிற்கிறார். கொடுப்பவருடைய உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து கிடக்கிறது, எதையோ இரந்து பெறுவதற்காக நீட்டிய கையைப் போல. இதன் பொருளை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ண வைத்தது, சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு நேர்ந்த ஒரு சிறு தோல்வி.

ஒரு கல்லூரி மண்டபத்தில் முகாம் நடந்தது. அதுவரை நாம் குருதி கொடுத்ததில்லை. மருத்துவச் சோதனைகளுக்கு வெறும் வயிற்றோடு செல்லும் பழக்கத்தில், அன்று காலையும் ஒரு குவளை நீர்கூட அருந்தாமல் சென்றோம். அது பிழை என்று பின்னரே அறிந்தோம். எடை பார்த்தார்கள், விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையவில்லை என்று உறுதி செய்தார்கள். படிவத்தில் கையொப்பமிட்டுப் படுத்தபோது, நெஞ்சில் ஒரு மெல்லிய பெருமிதம் பரவியதை மறைப்பதற்கில்லை.

முழங்கை மடிப்புக்கு மேலே பட்டையை இறுகக் கட்டி, கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள் ஓர் இளம்பெண். விரலால் தட்டினாள், தடவினாள். "நரம்பே கிடைக்கலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நரம்பு வேறு, குருதி ஓடும் சிரை வேறு என்று பாடநூல் சொல்லட்டும். ஊசியின்முன் கை நீட்டும்போது தமிழர் அனைவருக்கும் அது நரம்புதான். வலியை உணர்வது நரம்பு ஆகையால், மக்கள் வாக்கிலும் ஒரு நியாயம் உண்டு.

சிரைகள் ஒளிந்துகொள்வதற்குக் காரணங்கள் பல. உடலில் நீர் குறைந்தால் அவை தளர்ந்து தட்டையாகிவிடும். குளிரிலும் அச்சத்திலும் சுருங்கும். சிலருக்குத் தோலுக்கடியில் ஆழத்தில் ஓடும். சிலருக்குத் தொட்டால் தெரியும், ஊசி நெருங்கினால் நழுவி விலகும். சாதாரணச் சோதனைக்கு மெல்லிய ஊசி போதும். கொடைக்கோ அதைவிடத் தடித்த ஊசி வேண்டும். 350 மில்லிலிட்டர் குருதி சில நிமிடங்களில், உறையாமலும் அணுக்கள் சிதையாமலும் பையில் வந்து சேர வேண்டும் அல்லவா?

வலக்கையில் குத்தினாள், குழாயில் ஒரு துளி எட்டிப் பார்த்து நின்றுவிட்டது. இடக்கையில் முயன்றாள், அதுவும் இல்லை. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. நாமோ அவளைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு, "பரவாயில்லை அம்மா, இன்னொரு முறை குத்து, நமக்கு வலி பெரிதல்ல" என்றோம். அப்போது, நெடுங்காலம் பணிசெய்தவராய்த் தோன்றிய ஒரு செவிலியர் அருகில் வந்தார். நம் இரு கைகளையும் பார்த்துவிட்டுப் பட்டையை அவிழ்த்தார்.

"போதும் ஐயா. உங்களுக்கு வலிக்குதுன்னு மட்டும் நான் சொல்லலை. இன்னொரு தடவை தப்பினா இந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆளைக் குத்தக் கை நடுங்கும். இதோட இரண்டு பை போயிடுச்சு."

பை என்று அவர் குறிப்பிட்டது நமக்கு உடனே விளங்கவில்லை. விசாரித்தபின் தெரிந்தது. கொடைக்குரிய ஊசி தனி ஊசியன்று. குழாயோடும் பையோடும் ஒன்றாக இணைத்து, கிருமி புகாதவாறு மூடப்பட்டது. ஒருமுறை தோலைத் துளைத்துத் தவறிவிட்டால் அந்த ஊசியை மறுபடியும் பயன்படுத்தலாகாது. ஊசியோடு பையும் கழிவில் சேரும். ஆக, கொடுக்கச் சென்ற நாம் அன்று ஒரு துளியும் கொடுக்கவில்லை. இரண்டு பைகளை வீணாக்கியிருந்தோம். மூன்றாவதையும் கேட்டோம்!

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு கேள்வி நம்மைத் துளைத்தது. மூன்றாம் முறை குத்து என்று நாம் சொன்னது யாருக்காக? முகம் அறியாத நோயாளிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்தில் நோயாளியின் நினைவே நமக்கு இல்லை என்பதுதான் உண்மை. கொடுத்தவராக வீடு திரும்ப வேண்டும் என்ற வேட்கையே இருந்தது. வலியைப் பொறுத்துக்கொள்வோம் என்ற வீரமும் அதன் மறுவேடம்தான். நம் வலி நம்முடையது, அதைத் தாங்க நமக்கு உரிமை உண்டு. அந்தப் பெண்ணின் நடுக்கத்தையும் சேர்த்து விலையாகக் கேட்க நமக்கு என்ன உரிமை?

பணம் வாங்கிக்கொண்டு குருதி கொடுக்கும் முறை நம் நாட்டில் நெடுங்காலம் நடந்தது. 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் விளைவாக, 1998 சனவரி முதல் அது தடை செய்யப்பட்டது. அதற்கும் முன்பே, 1970இல், ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ், குருதியைச் சந்தைப் பொருளாக்குவது தீது என்று ஒரு நூல் முழுவதும் வாதிட்டார். பெறுபவர் யாரென்று கொடுப்பவருக்குத் தெரியாது. நன்றி சொல்ல அவர் வரமாட்டார். கொடாவிட்டால் தண்டனையும் இல்லை. அந்நியருக்குத் தரும் இந்தக் கொடையின் சிறப்பை அவர் அதில் கண்டார். நாமும் ஒப்புகிறோம். ஆயினும், காசு வெளியேறிய வாசல் வழியே வேறொன்று உள்ளே வந்து அமர்ந்துவிடக் கூடும். சான்றிதழ், புகைப்படம், எத்தனையாவது முறை என்ற எண்ணிக்கை இவையெல்லாம் தீயவை அல்ல. ஆளைக் கூட்ட உதவுகின்றன. நம்மைப் போன்றவர்களைச் சற்று மயக்கவும் செய்கின்றன.

எண்ணிக்கை என்றதும் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் நினைவுக்கு வருகிறார். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சைக்கு ஆளாகி, அந்நியர் தந்த குருதியால் பிழைத்தவர். கொடுக்கும் வயதை எட்டிய நாள் தொட்டு 2018 வரை 1,173 முறை கொடுத்தார். அவருடைய குருதிநீரில் இருந்த அரிய எதிர்ப்பொருள், தாயின் குருதியோடு ஒவ்வாத எண்ணற்ற கருக்குழந்தைகளைக் காக்க மருந்தாயிற்று. 2025 பிப்ரவரியில் மறைந்தார். இத்தனை முறை கை நீட்டியவர், ஊசி நுழைவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம், முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். ஊசிக்கு அஞ்சிய அந்த மனிதரிடம், வலி பெரிதல்ல என்று முழங்கிய நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

அப்படியானால், கொடுக்க விரும்பிக் கை நீட்டி, சிரை கிடைக்காமல் திரும்பியவர் கொடையாளியா? எண்ணமே போதும் என்று சொல்லிவிடுவது எளிது, ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் எண்ணத்தை எந்த நோயாளியின் உடலிலும் ஏற்ற முடியாது. தலசீமியா நோயோடு பிறந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும், உண்மையான குருதி வேண்டும். ஆகவே அன்று நாம் கொடையாளி அல்லர். இதைச் சுற்றி வளைக்காமல் ஏற்றுக்கொள்வதே நேர்மை. நாம் செய்யத்தக்கதாய் எஞ்சியிருந்தது ஒன்றுதான்: மறுக்கப்பட்டபோது எழுந்து, அடுத்தவருக்குப் படுக்கையை விட்டுக்கொடுப்பது. அதையும் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தோம்.

அந்தக் குழந்தையை இன்னும் சற்று எண்ணிப் பார்ப்போம். நமக்கு ஒருநாள் நிகழ்ச்சியாக இருந்தது அதற்கு மாதந்தோறும் நிகழ்வது. பெறுவதற்கும் ஒரு சிரை வேண்டுமே! குத்திக் குத்திப் புண்பட்ட பிஞ்சுக் கையில், புறங்கையில், சில வேளை பாதத்தில்கூடத் தேடுவார்கள். புற்றுநோய் மருந்துகளால் சிரைகள் தடித்து இறுகிப்போனவர்களும் உண்டு. அவர்களிடம் சென்று, இரண்டு இடத்தில் குத்துப்பட்ட வரலாற்றை நாம் எந்த முகத்தோடு சொல்வது?

சில மாதங்கள் கழித்து அதே மண்டபத்திற்கு மறுபடியும் சென்றோம். இம்முறை காலையில் இட்லி உண்டு, நிறைய நீரும் அருந்தியிருந்தோம். அந்த மூத்த செவிலியரே வந்தார். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரல் நுனியால் மட்டும் இடக்கையின் மடிப்பை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். "இருக்கு" என்றார். குழாய் சிவந்தது. பத்து நிமிடங்களுக்குள் வேலை முடிந்துவிட்டது, இவ்வளவுதானா என்றிருந்தது.

பழச்சாறு வைத்திருந்த மேசையில் நமக்கு எதிரே ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். இரு கைகளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. குவளையைத் தொடாமல், "நான் ஒண்ணும் கொடுக்கலையே" என்றான். செவிலியர் குவளையை அவன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்தவரை அழைக்கப் போனார்.