பூட்டியவர் யார்?

சொற்களுக்கு நினைவு உண்டா என்பது மொழியியலாளரின் கேள்வி மட்டுமன்று; அது ஓர் அறவியற் கேள்வியுமாகும். நாம் நாள்தோறும் எடுத்தாளும் தொடர்கள் பல, தாம் பிறந்த பட்டறையையும் சிறைக்கூடத்தையும் போர்க்களத்தையும் மறந்தே நம் வாயில் வழங்குகின்றன. இம்மறதி இயல்பானதா? இயல்பானதாயின் குற்றமற்றதா? இவ்வினாவை ஆராய்தற்கு, ஆங்கிலத்திற் பூட்டைப் பற்றி வழங்கும் சில மரபுத்தொடர்களை எடுத்துக்கொள்வோம். பூட்டு உடைமையின் காவலன். மனிதரை உள்ளிருப்போர், வெளியிருப்போர் என இரு கூறாக்கும் கருவி. ஆகவே, ஒரு சமுதாயம் உடையாரைப் பற்றியும் இல்லாரைப் பற்றியும் என்ன எண்ணிற்று என்பதை அதன் பூட்டுத் தொடர்களிற் காண முயல்வது வீண் முயற்சி ஆகாது.

'லொக்' என்னும் ஆங்கிலச் சொல் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் அது தாழ்ப்பாளையும் குறித்தது. அடைக்கப்பட்ட இடத்தையும் குறித்தது. அடைப்பதும் அடைபட்ட இடமும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன. அடைப்பவனுக்கு மட்டும் அச்சொல்லில் இடமில்லை. பின்னர் தோன்றிய தொடர்கள் பலவற்றிலும் இவ்வியல்பு தொடர்வதை நாம் காணப்போகிறோம்.

முதலில் 'லொக், ஸ்டொக் அன்ட் பரல்' என்னும் தொடரை நோக்குவோம். 'முழுவதும், ஒன்றும் விடாமல்' என்பது அதன் இன்றைய பொருள். இங்கே 'லொக்' என்பது கதவுப் பூட்டன்று. பழைய துவக்கில், தீக்கல்லை மோதிப் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்புக்கே அப்பெயர். 'ஸ்டொக்' தோளில் அணைக்கும் மரப்பகுதி. 'பரல்' இரும்புக் குழல். மூன்றும் சேர்ந்தால் முழுத் துவக்கு. வால்டர் ஸ்கொட் 1817இல் எழுதிய கடிதமொன்றில், மலைநாட்டான் ஒருவனின் துவக்கைப் பற்றிய நகைச்சுவையாக இத்தொடர் வருகிறது. அந்தத் துவக்கைச் செப்பனிட வேண்டுமாயின் மரமும் பொறியும் குழலுமே புதிதாக வேண்டும் என்பது அந்நகைச்சுவை. அங்கே துவக்கு இன்னும் கண்முன் நிற்கிறது.

பிற்காலத்தார்க்குத் துவக்கு மறந்து போயிற்று. மறந்த இடத்தை நிரப்ப வேறொரு கதை பிறந்தது. கடைக்காரன் ஒருவன் தன் கடைக் கதவின் பூட்டையும், உள்ளிருந்த சரக்கையும், பீப்பாய்களையும் ஒருங்கே விற்றான். அதிலிருந்து தொடர் தோன்றிற்று என்பது அக்கதை. ஆங்கிலத்தில் 'ஸ்டொக்' சரக்கையும், 'பரல்' பீப்பாயையும் குறிக்குமாதலால் கதை நன்கு பொருந்தியது. பொய்யேயாயினும் இக்கதை பொருளற்றதன்று. படைவீரனின் கருவி வணிகனின் உடைமைப் பட்டியலாக மாறிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பேர்மிங்ஹாம் நகரத்துத் துவக்குகள் மேற்காபிரிக்கக் கரைக்கு ஏற்றுமதியாகி, அங்கே மனிதரை அடிமைகளாக வாங்கும் வாணிகத்திற் பண்டமாற்றுப் பொருளாயின. துவக்கினின்று கடைக்கு நடந்த பாதை வரலாற்றில் மெய்யாகவே இருந்தது. கடைக்காரனின் கதை அப்பாதையின் இரத்தத்தைத் துடைத்துவிட்டு முடிவை மட்டும் காட்டுகிறது. இன்று ஒரு நிறுவனத்தை இவ்வாறு 'முழுவதுமாக' ஒருவர் வாங்கினார் என்று வணிகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அம்முழுமைக்குள் அங்கே வேலை செய்யும் மனிதரும் பேசாமலே அடங்கிவிடுகின்றனர்.

இனி, பூட்டைச் செய்தவனிடம் செல்வோம். அக்காலத்தில் இங்கிலாந்தின் ஸ்டஃபர்ட்ஷயர் மாகாணத்தில் இருந்த வில்லன்ஹோல் என்னும் ஊர் பூட்டுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சிறுவயது முதலே பட்டறையிற் குனிந்து நின்று அரம் தேய்த்த தொழிலாளரின் முதுகு கூனிற்று. அயலூரார் அவ்வூரைக் 'கூன்நாடு' என்னும் பொருள்பட 'ஹம்ப்ஷயர்' என்று ஏளனமாக அழைத்தனர். சிறுவர் தொழில் பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு 1840களில் அங்கே கண்டவற்றைப் பதிவு செய்தது. அப்பதிவைக் கொண்டு பிரெடரிக் ஏங்கெல்ஸ், 1845இல் வெளிவந்த இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றிய தமது நூலில் இவ்வூரைக் குறிப்பிட்டார். இடையறாது அரம் பிடித்து நின்றமையால் அவர்களின் வலத் தோள் பிதுங்கிற்று. வலக் கால் உள்வளைந்து, இரு கால்களும் சேர்ந்து ஆங்கில எழுத்து 'கே' போலத் தோன்றின. அதே ஆண்டில் வெளிவந்த 'சிபில்' என்ற நாவலில் டிஸ்ரேலி படைத்த 'வொட்கேற்' என்ற ஊரும் வில்லன்ஹோலை மாதிரியாகக் கொண்டதே. தொழிலாளர் பக்கம் நின்றவரும், பின்னர் பிரதமராகிய பழைமைக் கட்சியாளரும் ஒரே ஊரின் துயரைக் கண்டனர் என்பது கருதத்தக்கது.

பூட்டு நேர்மையானவனை நேர்மையாக வைத்திருக்கவே உதவும் என்று ஆங்கிலத்தில் ஒரு முதுமொழி உண்டு. திருடன் எப்படியும் உடைத்துவிடுவான், சபலம் கொள்ளும் நல்லவனைத்தான் பூட்டுத் தடுக்கும் என்பது கருத்து. கூரிய மொழிதான். ஆனால் வில்லன்ஹோலிற் பூட்டுச் செய்தவனிடம் பூட்டிவைக்கத் தக்க பொருள் எவ்வளவு இருந்திருக்கும்? அவனுடைய முதுகின் நேர்மையைக் களவாடியவனை எந்தப் பூட்டுத் தடுத்தது? பூட்டைப் பற்றி இத்தனை தொடர்களைப் பெற்ற மொழியில், பூட்டுச் செய்தவனுக்கென நின்றது ஓர் ஏளனப் பெயர் மட்டுமே.

அடுத்து, யாவரும் அறிந்த லாயக் கதவுப் பழமொழி. குதிரை போன பின் லாயத்தைப் பூட்டுதல் என்பது, வெள்ளம் வருமுன் அணை போடாதவனை நோக்கிச் சொல்வது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் கோவர் இயற்றிய 'கொன்ஃபெசியோ அமாண்டிஸ்' என்னும் காவியத்திலும், 1546இல் ஜோன் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலிலும் இது இடம்பெறுகிறது. பழைய வடிவத்திற் குதிரை களவு போகிறது. இன்று பிரித்தானியாவிற் பெரிதும் வழங்கும் வடிவத்திலோ குதிரை தானே கட்டறுத்து ஓடிவிடுகிறது. ஒரு வினைச்சொல்லே மாறியது. ஆனால் அம்மாற்றத்திற் கள்வன் மறைந்துவிட்டான். முன்னையதில் மூவர் இருந்தனர்: உடையவன், கள்வன், குதிரை. பின்னையதில் இருவரே: கவனமற்ற உடையவனும், கட்டுக்கடங்காத குதிரையும். இம்மாற்றத்தை எவரும் சதி செய்து நிகழ்த்தவில்லை. ஓசை நயமும் பழக்கமுமே நிகழ்த்தியிருக்கலாம். எனினும் விளைவைக் கவனியுங்கள். இழப்பு நேர்ந்ததும் யார் எடுத்தார் என்று கேட்பதற்குப் பதில், ஏன் ஓடியது என்று கேட்கப் பழகிவிடுகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியா என ஐயுறுவோர் 'லொக் அவுட்' என்னும் சொல்லை நோக்குக. நாம் கதவடைப்பு என்கிறோம். தொழிலாளர் வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். முதலாளி வேலையிடத்தைப் பூட்டித் தொழிலாளரை வெளியே நிறுத்துவது கதவடைப்பு. முன்னதில் உழைப்பு மறுக்கப்படுகிறது. பின்னதில் உணவு மறுக்கப்படுகிறது.

1892இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஹோம்ஸ்டெட் என்னுமிடத்திலிருந்த கார்னகி உருக்காலையை அதன் தலைவர் ஹென்றி ஃபிரிக் வேலியிட்டு அரணாக்கினார். சங்கத்தோடு இருந்த ஒப்பந்தம் ஜூன் இறுதியில் முடிவதற்கு முன்னரே தொழிலாளரை வெளியே நிறுத்திப் பூட்டத் தொடங்கினார். ஜூலை 6ஆம் நாள், பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஏறத்தாழ 300 கூலிக் காவலர் ஆற்றுவழியே வந்திறங்க முயன்றபோது துவக்குச் சண்டை மூண்டது. இருதரப்பிலும் உயிர்கள் மாண்டன. பின்னர் மாநிலப் படை வந்தது, சங்கம் முறிந்தது. பூட்டு முந்தியது என்பது தெளிவு. ஆயினும் வரலாற்று நூல்கள் பல இதை 'ஹோம்ஸ்டெட் வேலைநிறுத்தம்' என்றே அழைக்கின்றன. கள்வன் மறைந்து குதிரை ஓடிய கதை இங்கே மனித உருவில் நிகழ்ந்துவிட்டது.

1913இல் டப்ளின் நகரில் நடந்ததையும் இதனோடு ஒப்பிடுவோம். ஜிம் லார்க்கின் தலைமையிலான போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் இருப்போருக்கு வேலையில்லை என முதலாளி வில்லியம் மார்ட்டின் மேர்பி அறிவித்தார். டிராம் வண்டித் தொழிலாளர் ஓகஸ்ட் 26ஆம் நாள் வேலையை நிறுத்தினர். செப்டெம்பரில் நூற்றுக்கணக்கான முதலாளிகள் ஒன்றுகூடி, அச்சங்கத்தோடு தொடர்பு கொள்ளோம் என்று கையொப்பமிடுமாறு தம் தொழிலாளரைப் பணித்தனர். மறுத்தவர்க்குக் கதவு அடைபட்டது. ஏறத்தாழ 20,000 தொழிலாளரும் அவர்தம் குடும்பங்களும் 1914இன் தொடக்கம் வரை பட்டினியோடு போராடினர். பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் கப்பலில் உணவு அனுப்பின. இங்கே வேலைநிறுத்தமும் நடந்தது. எனினும் அயர்லாந்து இன்றளவும் அதை 'லொக் அவுட்' என்றே நினைவுகூருகிறது. லார்க்கினும் ஜேம்ஸ் கொனொலியும் வளர்த்த இயக்கம், தோற்ற பின்னரும், தனக்கு நேர்ந்ததன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சொல் தன் நினைவை இழப்பதும் காப்பதும் மொழியின் தலைவிதியன்று. மனிதரின் செயல் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

ஆசிரியராகிய நமக்கு இன்னும் நெருங்கியது 'லொக்ஸ்டெப்'. முதலில் அது படைவீரர் நெருங்கி அடியொற்றி நடக்கும் பயிற்சியின் பெயர். 1820களில் நியூ யோர்க் மாநிலத்தின் ஓபர்ன் சிறை அதைத் தனதாக்கிற்று. கைதிகள் வரிசையில் நின்று, முன்னிருப்பவன் தோளிற் கைவைத்து, முகத்தை ஒருபுறம் திருப்பி, வாய் திறவாமல் ஒரே அடியாக நடக்கவேண்டும். பகலிற் பேச்சின்றிக் கூட்டு உழைப்பு, இரவில் தனியறை. அவ்வுழைப்பு வெளியார்க்கு ஒப்பந்தத்தில் விற்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்வியாளர் சிலர், எல்லா மாணவரையும் ஒரே வேகத்தில் இழுத்துச் செல்லும் வகுப்பு முறையைக் கண்டிக்க இச்சொல்லையே எடுத்தனர். 1913இல் பிரெடரிக் பேர்க் இத்தலைப்பிலேயே ஒரு நூல் வெளியிட்டார். சிறையின் நினைவை இழக்காமற் பயன்படுத்தியதால் அவர்கள் கையில் அச்சொல் கண்டனக் கருவியாயிற்று. இன்றோ, கட்சியும் அரசும் 'ஒரே அடியாக' நடக்கின்றன என்று சிலர் அதே சொல்லாற் புகழவும் கேட்கிறோம். ஒற்றுமையையும் அடிபணிதலையும் பிரித்தறிய முடியாத காது அவ்வாறுதான் கேட்கும்.

ஈற்றில் 'லொக்டவுன்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில், ஆற்றில் மிதக்கவிடும் மரக்கட்டைகளைத் தெப்பமாகப் பிணைக்கும் மரத்துண்டுக்கு அப்பெயர் இருந்தது. 1970களில் அது சிறைச்சொல்லாயிற்று. கலகத்தை அடக்கக் கைதிகளை அறைகளிலேயே அடைத்து வைப்பதைக் குறித்தது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின் அமெரிக்கப் பள்ளிகளில் இவ்வகைப் பயிற்சிகள் பரவின. சிறைச்சொல்லைச் சிறு குழந்தைகள் கற்றனர். 2020இல் பெருந்தொற்று அதை உலகச் சொல்லாக்கிற்று. கொலின்ஸ் அகராதி அவ்வாண்டின் சொல்லாக அதையே தெரிந்தது.

எங்கள் நாட்டிலும் 2020 மார்ச் 20ஆம் நாள் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. தமிழ் இலக்கணம் கற்றோர் இச்சொல்லைச் சற்றே உற்று நோக்கவேண்டும். அடங்குதல் தன்வினை, அடக்குதல் பிறவினை. 'ஊரடங்கு' என்னும்போது ஊர் தானே அடங்குவது போன்ற தோற்றம் எழுகிறது. தொற்றைத் தடுக்கப் பூட்டு வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. மருத்துவரைச் சிறைக்காவலரோடு ஒப்பிடுவதும் எம் நோக்கமன்று. ஆயினும் வீடும் சேமிப்பும் உடையவன் அடங்கியதும், கட்டுநாயக்கவில் நெருக்கமான விடுதியறைகளில் ஊதியமும் ஊர் திரும்பும் வழியுமின்றி அகப்பட்ட ஆடைத்தொழிற்சாலைப் பெண்கள் அடங்கியதும் ஒரே வினையாகுமா? ஒருவனைப் பூட்டு உள்ளே வைத்துக் காத்தது. மற்றவரை அது வருவாய்க்கு வெளியே நிறுத்தியது. ஒரே சொல் இவ்விரண்டையும் மூடிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் நினைந்து நினைந்தே பேசவேண்டுமாயின் எவனும் வாய்திறக்க முடியாதே. மறதியின்றி மொழி வளருமா என்று கேட்பர். நியாயமான கேள்வி. தெப்பத்தின் மரத்துண்டை மறந்ததால் எவர்க்கும் தீங்கில்லை. துவக்கின் உறுப்புகளை அறியாதவன் அத்தொடரை வழங்குவதும் பாவமன்று. சொல்லின் பிறப்புக்குச் சொல்பவன் பொறுப்பாளியல்லன். ஆனால், அச்சொல் இன்று யாரை மறைக்கிறது என்பதற்கு அவன் பொறுப்பாளியே. கழிந்ததை மறப்பது ஒன்று. நிகழ்வதைக் காணாதிருக்கச் சொல்லைத் திரையாக்குவது வேறொன்று.

இதற்கு நாம் கைக்கொள்ளத்தக்க வழி மிக எளியது; வகுப்பறையில் நாள்தோறும் கற்பிப்பதுதான். வாக்கியத்தில் எழுவாயைக் கண்டறி என்று மாணவரிடம் கேட்கிறோமல்லவா? 'ஆலை மூடப்பட்டது' என்று பத்திரிகை எழுதும்போது, மூடியவர் யார் என்று கேட்க அம்மாணவன் பழகவேண்டும். 'சங்கத்தின் பிடிவாதத்தால் வேலை இல்லாமற் போயிற்று' என்று படிக்கும்போது, திறப்பு எவர் கையில் இருந்தது என்று அவன் தேடவேண்டும். இலக்கணம் வெறும் பரீட்சைப் பாடமன்று என்பதை அவன் அப்பொழுது உணர்வான். தோன்றா எழுவாய் என்று இலக்கணத்தில் ஒன்றுண்டு. சமுதாயத்திலோ, தோன்றாதிருக்கவே விரும்பும் எழுவாய்கள் பல. அவற்றைத் தோன்றச் செய்வது மொழி கற்பிப்போரின் கடமைகளுள் ஒன்று.